கடைசிக் கேள்விக்கு அப்பா சொல்லிக்கொடுத்த பதில்

பெரியவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் படுத்துவிட்டது, அதுவும் இப்போது தேறி வருகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் போட்டி என்ன ஆயிற்று என்று நீ மூன்று தடவை போனில் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம். அதை உங்கப்பாவையே கேளு, அதுல அவர்தான் கதாநாயகன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டது. குரல் நடுங்காமல் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு டிவியில் நடத்துகிற அந்த வினாடி வினாவில் உன் தங்கை கால் இறுதியில் ஜெயித்தது வரை உனக்குத் தெரியும். அரை இறுதியைப் போன மாதம் படம் பிடித்தார்கள். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றதால் அவளுடைய பேராசிரியை போனார். ஒளிபரப்பாகும் வரை முடிவை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம், இரண்டு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. நான் விடுவேனா, சுற்றி வளைத்துக் கேட்டேன். இறுதிப் போட்டிக்குப் புதுச் செருப்பு வாங்கணுமா என்றேன், பழசே போதும்பா என்றாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஜெயித்த பிள்ளைதான் இப்படி அடங்கிப்போகும் என்று நானே முடிவு கட்டி, நம் சலூன் கண்ணாடியில் சவர நுரையைத் தொட்டு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் மகள் டிவியில், அனைவரும் வருக என்று எழுதி வைத்தேன். பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுலயே நாம மட்டும் பாக்கலாம்பா என்றாள். கடை டிவியில கலர் சரியா வராதுப்பா என்றாள். சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்தால் டிவிக்கு வருகிற கேபிள் வயர் இரண்டாகக் கிடக்கிறது. எலி கடித்திருக்கும் என்று ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்தேன். இருபத்தைந்து வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவனுக்கு எது பல், எது கத்தரி என்று தெரியாதா, தெரியும், ஆனால் அன்றைக்குப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஐந்தரைக்கே கடை நிறைந்துவிட்டது. பெஞ்சில் ஏழு பேர், நடுவில் தபால்காரர், வாசலில் உன் அம்மாவும் சின்னவளும். நடு நாற்காலியில் அடுத்த கடைத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நுரை. அவருக்கு மூன்று வருஷமாக உச்சியில் முடி கொட்டுகிறது. மழிக்க மழிக்க அடர்த்தியா வரும் என்று சொல்லி மாதம் இரண்டு தடவை அவரை உட்கார வைத்தது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தபால்காரருடைய மீசைக்கும் அதே வைத்தியம்தான். அதைச் சொல்லாமல் நான் யாருக்கும் நுரை பூசியதே இல்லை.

சின்னவள் டிவியில் என்னமாய் இருந்தாள் தெரியுமா. அந்த நிகழ்ச்சி நடத்துகிறவர் பல்லைக் காட்டிக்கொண்டே ஆளைக் கவிழ்க்கிற ரகம், அவரே அசந்துபோனார். நதி என்கிறார், மலை என்கிறார், எவனோ ஒரு ராஜாவுடைய மாமனார் பேரைக் கேட்கிறார், எல்லாவற்றுக்கும் இவள் பட்டென்று மணியை அடிக்கிறாள். கடைசிக் கேள்விக்கு வரும்போது இவளுக்கு நூற்று இருபது, பக்கத்தில் இருந்த கண்ணாடி போட்ட ஒல்லிப் பையனுக்கு நூற்றுப் பத்து. சரியாகச் சொன்னால் பத்து கூடும், தப்பாகச் சொன்னால் பத்து குறையும், கேள்வி அடுத்தவருக்குப் போகும். சும்மா இருந்திருந்தால்கூட, அவன் சரியாகச் சொல்லி, சமன் ஆகி, இன்னொரு கேள்வி கிடைத்திருக்கும். நிகழ்ச்சி நடத்துகிறவர், மழித்த முடி மறுபடி முளைக்கும்போது தடிப்பாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் என்று ஆரம்பித்ததும் இவள் மணியை அடித்துவிட்டாள். கடையில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். சலூன்காரன் மகளிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது என்று நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு குதித்தேன், தையல்காரர் பயந்து தலையைக் குனிந்துகொண்டார். டிவியில் இவள் சிரித்துக்கொண்டே, கத்தி படப்பட வேர் பலமாகி முடி நிஜமாவே தடிச்சுப்போகும், எங்கப்பா இருபத்தஞ்சு வருஷமா சலூன் வெச்சிருக்கார் என்றாள். நிகழ்ச்சி நடத்துகிறவர், அப்பாவுக்கு என் வணக்கம், ஆனா பதில் தப்பும்மா என்றார். அந்த ஒல்லிப் பையன், முடி தடிக்கறதே இல்ல, வெட்டுன முனை மழுங்கலா இருக்கறதால அப்படித் தெரியுது, அவ்வளவுதான் என்றான். ஆட்டம் முடிந்தது.

முதலில் தையல்காரர்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, அப்ப என் தலை என்று கேட்டார். அதற்குள் தபால்காரர் கொதித்து எழுந்துவிட்டார். ஏசி ரூம்ல உக்காந்து கேள்வி கேக்கறவனுக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியும், அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சுட்டான், இன்னைக்கே டிவிக்காரனுக்குப் புகார் எழுதுவோம், நானே கொண்டுபோய்ச் சேர்க்கறேன் என்றார். பெஞ்சில் இருந்த மற்ற ஆறு பேரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை, எனக்கு அடிபட்டுவிட்டதோ என்று பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உனக்கு இது தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் தோல் டாக்டர் ஒருவர் நம் கடைக்கு வந்துகொண்டிருந்தார். நான் யாருக்கோ இந்த வைத்தியம் சொல்வதைக் கேட்டுவிட்டு, அது வெறும் கட்டுக்கதைப்பா என்று அந்தப் பையன் சொன்ன அதே காரணத்தை எனக்குச் சொன்னார். சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு, அவர் படி இறங்கியதும் அடுத்த ஆளுக்குப் பழைய கதையையே சொன்னேன். கேட்கிறவன் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும் பார், அதைப் பார்க்கிற ருசி விடவில்லை. அந்தச் சனிக்கிழமை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புகாரெல்லாம் வேண்டாங்க, டிவியில சொன்னதுதான் சரி, எனக்குப் பத்து வருஷமாத் தெரியும் என்று சொன்னேன். தையல்காரர் பாதி நுரையோடு எழுந்து போய்விட்டார். (நல்ல மனுஷன், மூன்றாம் நாள் மீதிப் பாதிக்கு வந்தார், உன்னை விட்டா வேற யாரு இருக்கா என்றார்.) நெற்றி ஏறுகிறது என்று நீ எழுதினபோது மொட்டை போடு என்று உனக்கும் சொல்லித் தொலைத்தேனே, போட்டிருந்தால் மன்னித்துவிடு, போடவில்லையென்றால் போடாதே.

சின்னவள் மட்டும், உங்களுக்குத் தெரியுமாப்பா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. சாப்பாடு ரெடி என்று நான் கூப்பிட்டால்கூட அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுத்தாள். கடை லீவு நாளில் நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்த எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு புத்தகத்துல சரிபார்த்தேன்பா, இது ஒண்ண மட்டும் பார்க்கணும்னே தோணல என்றாள். உங்களுக்கே தெரியாதுன்னு நெனச்சேன், அத்தனை பேர் முன்னாடி நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னுதான் வயரை வெட்டினேன் என்றாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. தோற்றது அவள், இரண்டு வாரம் பயந்தது எனக்காக. அப்புறம், இது ஒண்ணுதானாப்பா, இன்னும் இருக்கா என்று கேட்டாள். ஒண்ணுதாம்மா என்று வாய் வரை வந்துவிட்டது, பழக்கம் அப்படி. இருக்கும்மா என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, சொல்லுங்க என்று உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு வாங்கினேன் என்று சொல்வேனே, ஓடினதே மூன்று பேர். கையில் இருக்கிற தழும்பு திருடனைப் பிடித்ததில் வந்ததில்லை, கடை ஷட்டரில் மாட்டிக்கொண்டது. ஆறாம் வகுப்பில் உனக்குக் காதோரம் வெட்டிவிட்டு இப்ப இதுதான் ஸ்டைல் என்றேன் அல்லவா, அது கை தவறினது. உன் சைக்கிள் மேல் ஏறியது லாரி இல்லை, இரவல் வண்டியைப் பின்னால் எடுத்த நான்தான். ஐந்தாவதிலேயே சின்னவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், உன் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து நானே மறந்துபோனதையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். ஒன்பதாவதைச் சொன்னபோதுதான் சின்னவள் பேனாவை மூடிவிட்டு, இத நான் எழுத மாட்டேன்பா, நீங்களே அண்ணனுக்கு எழுதுங்க என்றாள்.

நீ கிளம்பின அன்றைக்கு, கடையில் கூட்டம், நகர முடியாது, நீ போயிட்டு வா என்று விமான நிலையத்துக்கு வராமல் இருந்துவிட்டேன் இல்லையா. கூட்டமெல்லாம் இல்லை. கடையைத் திறக்கவே இல்லை. ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டு, உன் விமானம் ஏறுகிற நேரம் வரை நடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எதிரே கண்ணாடி வேறு.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் தங்கைக்கு நாலு வரி தனியாக எழுது, அவள் விளையாடினதைப் பற்றி எழுது, என்னைப் பற்றி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இதில் இருப்பதை எல்லாம் சின்னவள் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள்.)