ஐந்து ஆந்தைப் பெட்டிகள்

அன்பு மகளே,

திராட்சை அறுவடை முடிந்து, ஒயினும் பீப்பாய்க்குள் இறங்கிவிட்டது. ருசி பார்த்துக் குறை சொல்லத்தான் இங்கே ஆளில்லை.

கொடிகளின் வேரைத் தின்னும் எலிகளைப் பிடிக்க ஆந்தைகள் வரட்டும் என்று நீ கம்பங்களில் மாட்டிய மரப்பெட்டிகள் ஐந்தும் நீ போனதிலிருந்து காலிதான். ஆனாலும் பிப்ரவரி தவறாமல் ஏணி போட்டுச் சுத்தம் செய்கிறேன். பக்கத்துத் தோட்டத்து ரூடி வேலியோரம் நின்று, "ஏம்ப்பா, வராத விருந்தாளிக்கு எத்தனை வருஷம்தான் படுக்கை விரிப்ப?" என்று சிரிக்கிறான்.

அவனோடு நீ இன்னும் பேசுவதில்லையாமே.

அன்று, விஷ மருந்து தின்ற எலியைத் தாய் ஆந்தை ஊட்டியதில் செத்துப்போன நான்கு குஞ்சுகளையும் மடியில் ஏந்தி அவன் வாசலில் நின்றாய். "எலி மருந்து வச்ச பாவி நீங்கதானே!" என்று கத்தினாய். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அவன் வாயே திறக்கவில்லை. மறுவாரம் நீ ஊரைவிட்டே போய்விட்டாய்.

அந்த வருஷம் புதுக் கொடிகள் வரிசை வரிசையாகப் பட்டுப்போயின. நீ வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் வளைதோறும் மருந்து வைத்தது நான்தான்.

ரூடிக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பெட்டிகளைச் சுத்தமாகவே வைத்திருக்கும்,
உன் அப்பா