பதினான்கு நொடி

ஜூன் 9, திங்கள்

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து இன்றோடு இருபது நாள். பழையவருக்குச் சினிமா வாய்ப்பு வந்தது, தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். இணை இயக்குநராக இருந்த எனக்கு நாற்காலி வந்தது. ஒலிப்பதிவு படித்தவன் என்பதால் செட்டில் எனக்கு ‘டெசிபல்’ என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும்.

பகுதி 212. ஏழு காட்சி, ஏழிலும் வயலின். கதவு திறந்தால் வயலின், தும்மினால் வயலின். எங்கள் தொடரை மேற்பார்க்கும் சேனல் மேடத்திடம் கேட்டே விட்டேன், எதற்கு இவ்வளவு இசை என்று.

“நம்மளோடது பாக்கற சீரியல் இல்லப்பா, கேக்கற சீரியல். ஏழரை மணிக்கு எல்லாரும் அடுப்படியில நிப்பாங்க. காது வழியாத்தான் கதை போகணும்.”

கோபம் வந்தது. ‘சரி மேடம்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூன் 10

மேடம் சொன்னது உண்மை. அம்மா என் தொடரை முதுகால் பார்க்கிறாள்.

ஜூன் 11, புதன்

பரிசோதனை செய்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், டிவி பின்னால். ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தினேன். நாலாவது நொடியில் திரும்பினாள், கத்தியோடு. சத்தம் வந்ததும் வெங்காயத்துக்குப் போய்விட்டாள். பத்து நிமிடம் விட்டு மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது நொடி. அக்காவுக்குப் போன் போட்டு அவள் மாமியாரை வைத்துச் செய்யச் சொன்னேன். ஐந்து நொடி, கூடவே அக்காவுக்கு ஒரு திட்டு. மூன்றாம் முறை அம்மா வந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“டைரக்டராயிட்டா வீட்ல இருக்கறவங்க உயிர வாங்கணும்னு சட்டமாடா?”

சத்தம் இருந்தால் கேட்கிறார்கள். நின்றால்தான் பார்க்கிறார்கள். இருநூற்றுச் சொச்சம் பகுதி ஓட்டியிருக்கிறோம் – ஒருத்தருக்குமா இது தோன்றவில்லை?

ஜூன் 12

மேடத்திடம் சொன்னேன். சிரித்தார். “உங்கம்மாவுக்காக நாங்க சேனல் நடத்தல” என்றார். சரி. கேட்காமல் செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 16, திங்கள்

செய்துவிட்டேன்.

மருமகள் வீட்டை விட்டுப் போன மறுநாள் காலை. எழுதி வந்ததில் மாமியார் தனியாக நின்று தனக்குத்தானே ஒன்றரைப் பக்கம் புலம்புகிறார். எந்த மனுஷி அப்படிப் பேசுவாள்? தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மாமியாராக நடிப்பவரை எல்லோரும் ‘மாமியார்’ என்றே கூப்பிடுகிறோம். அவர் கார் ஓட்டுநர்கூட அப்படித்தான். வசனம் இல்லை என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. வசனத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்து வந்திருந்தார்.

“அப்ப நான் என்னதான்பா பண்றது?”

“பழக்கத்துல ரெண்டு தட்டு எடுத்து வெக்கறீங்க. அப்பறம் ஒண்ணு போதும்னு ஞாபகம் வருது. அவ்வளவுதாம்மா.”

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“உங்களுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்.”

நின்றார். இரண்டாவது தட்டைக் கையில் எடுத்து, அசையாமல், பதினான்கு நொடி. பிறகு அதை அலமாரிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். கவிழ்க்கச் சொல்லி நான் சொல்லவேயில்லை. லைட்மேன் அண்ணன் மூக்கை உறிஞ்சினார், சளி என்றார்.

ரீடேக் இல்லை. வேறு கோணமும் எடுக்கவில்லை. எடுத்தால் அதை நடுவில் செருகி வெட்டுவார்கள். வெட்ட வழியே இல்லாமல் எடுத்தேன்.

ஒலி மிக்ஸிங்கில் அந்தப் பதினான்கு நொடியைத் துடைத்தெடுத்தேன். ஏசி இரைச்சல், ஜெனரேட்டர், துணி உரசல் எதுவும் இல்லை. திரையில் ஒலி அலை நேர்க்கோடாகக் கிடந்தது. “ரூம் சத்தம் கொஞ்சம் விட்டு வைப்பா” என்றார் எடிட்டர் அண்ணன். எனக்கே ஒலி சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’

ஜூன் 18, புதன்

நேற்று எழுத முடியவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

பகுதி 217 ஏழரைக்கு ஒளிபரப்பானது. சேனலின் ஒளிபரப்பு அறையில் ஒரு கருவி உண்டு. பத்து நொடி ஒலியே வராவிட்டால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தானாகவே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையைப் போட்டுவிடும். நான் அனுப்பியது மௌனம் அல்ல, சுத்தமான பூஜ்யம். மாமியார் தட்டோடு நின்ற பத்தாவது நொடியில் அவர் முகத்தின் மேல் அட்டை விழுந்தது. அதை எடுப்பதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

சித்தப்பா செட்டாப் பாக்ஸை மூன்று முறை அணைத்துப் போட்டாராம்.

முதல் வருடப் பாடம் இது. எந்த அறையும் பூஜ்யமாக இருக்காது. ரூம் சத்தத்தை விட்டிருந்தால் கருவி வாயைத் திறந்திருக்காது. எவன் மேலும் பழி போட முடியாது. எடிட்டர் அண்ணனைத் தவிர எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டேன். பார்த்து முடித்ததும் அவரிடமும் போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. “தெரியும்” என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

மேடத்தின் அறையில் முக்கால் மணி நேரம். தயாரிப்பாளர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். தீர்ப்பு: அதே காட்சியை வசனத்தோடும் வயலினோடும் மறுபடி எடுத்து மறுஒளிபரப்பு. நான் எடுக்காவிட்டால் வேறு ஆள்.

பூஜ்யத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மௌனத்துக்குக் கேட்க மாட்டேன் என்றேன். ரெண்டும் ஒண்ணுதானே என்றார் மேடம். இல்லை. இல்லவே இல்லை. இதைப் புரிய வைக்கத் தெரியாமல் நான் என்ன படித்துக் கிழித்தேன்!

ஜூன் 20

வீட்டில் இருக்கிறேன். வேறு ஆள் வந்தாயிற்று.

அம்மா தோசைக்கல்லை நங்கென்று வைத்தாள்.

ஜூன் 23, திங்கள்

மாமியார் போன் செய்தார். மறுபடி எடுக்க வரச் சொன்னார்களாம், முடியாது என்றுவிட்டாராம். அவருக்கு இந்தத் தொடரை விட்டால் வேறு வேலை இல்லை. என்னால் உங்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

“உனக்காகன்னு யாருப்பா சொன்னது? இருபத்தாறு வருஷமா கேமரா முன்னாடி பேசிக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு தடவ வாய மூடினேன், அதுக்கும் அட்டை போட்டுட்டாங்க. அந்தத் தட்ட மறுபடி எடுக்கச் சொன்னா என்னால முடியாது.”

ஜூன் 25, புதன்

எடிட்டர் அண்ணன் சொல்லித் தெரிந்தது. சேனலுக்குப் போன் மேல் போன். யாரும் இசை எங்கே என்று கேட்கவில்லையாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்தத் தட்டை அப்புறம் என்னதான் செய்தார்?

ஆக, திரும்பியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

கூப்பிட்டார்கள். காட்சியை நான் எடுத்தபடியே போடலாம், ஒலியைச் சரிசெய்து கொடு என்றார் மேடம். கூடவே கையெழுத்துப் போட ஒரு தாள். ‘இனி எந்தக் காட்சியிலும் மூன்று நொடிக்கு மேல் பின்னணி இசை இல்லாமல் இருக்கக் கூடாது.’

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: ‘பூஜ்யம் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மௌனம் எங்கே வரும் என்பதும் என் பொறுப்பு.’ கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

“ரொம்பத்தான் துள்றீங்க தம்பி” என்றார் மேடம். தாளைக் கிழிக்கவில்லை. மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

செட்டுக்குப் போய், எல்லோரையும் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வைத்து, வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்தேன். எடிட்டர் அண்ணனைத்தான் மைக்கைப் பிடிக்கச் சொன்னேன். அந்தப் பதினான்கு நொடிக்கு அடியில் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று முழுக் காட்சியும் ஒளிபரப்பானது. அட்டை விழவில்லை.

இன்று தகவல் வந்தது. தொடர் எனக்கே. ஆனால் நேரம் மாறுகிறது. ஏழரைக்குப் புதுத் தொடர் வருகிறது. நாங்கள் மதியம் இரண்டரைக்கு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டரை மணி என்றால் தொடர்களைக் கொண்டுபோய்ப் புதைக்கிற இடம். மூன்று மாதத்தில் மூடிவிடுவார்கள் என்று செட்டில் ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டரைக்கா? அப்ப வேலையெல்லாம் முடிஞ்சிருக்குமே. உக்காந்தே பாக்கலாம்.”

நாளை ஏழு மணிக்குக் கால்ஷீட். முதல் காட்சிக்கு ஒரு பக்க வசனம் வந்திருக்கிறது. மூன்று வரி விட்டு மீதியை அடித்துவிட்டேன்.