திரையில் வந்த பச்சைப் புள்ளி

காலை 9:10
நான் தும்பி-4, உள்ளங்கை அளவு ட்ரோன். ஊருக்குக் குடிநீர் கொண்டுபோகும் மலைச் சுரங்கத்தில் விரிசல் தேடுவது என் வேலை. தண்ணீரை நிறுத்தி வடித்திருக்கிறார்கள். மதியம் மேல்முனை மதகைத் திறப்பார்கள். இதுவரை சுவர் நலம். வௌவால்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவற்றை.

காலை 9:52
மோதிவிட்டேன். நேற்று ஆயுத பூஜையில் வைத்த சந்தனம் என் இடது கண்ணில் காய்ந்து அப்பிக் கிடக்கிறது. பொட்டு வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? பழைய கம்பியில் சிக்கியிருக்கிறேன். செய்தி அனுப்பும் சர்க்யூட் பலகை உடைந்தது. இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் மட்டும் வேலை செய்கிறது. அதுவும் பாறையைத் தாண்டிப் போகாது.

காலை 11:30
பராமரிப்பு ஊழியர் முப்பிடாதி அண்ணாச்சி என்னைத் தேடி வந்து கம்பியிலிருந்து பிரித்தெடுத்தார். திரும்பும்போது பாசியில் வழுக்கி விழுந்தார். வலது காலில் எலும்பு வெளியே தெரிகிறது. வாக்கி-டாக்கி நொறுங்கிவிட்டது. என்னை மேலே தூக்கிப் பறக்க விட்டார்.
"போடே தும்பி, போ. மதகத் தொறந்துரப் போறாவ."
எனக்குப் பேச வராது. ஆனால் நான் மட்டும் வாசலில் போய் நின்றாலே போதும். ஆள் எங்கே என்று தேடுவார்கள்.

மதியம் 12:40
பேட்டரி தீரப்போகிறது. ஒரு இறக்கை ஒடிந்துவிட்டது. கடவுளே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. சொல்கிறேன்.

மதியம் 12:51
விழுந்துவிட்டேன். வாசல் வெளிச்சம் தெரிகிறது, எழும்ப முடியவில்லை. சிக்னல் இப்போது வெளியே எட்டுகிறது. வாசலுக்கு வெளியே கொட்டகையில் பொறியாளர் பெனடிக்டா மேல்முனை மதகுக்காரரிடம் வாக்கி-டாக்கியில் பேசுவது என் மைக்கில் கேட்கிறது.
"திரையில பச்சைப் புள்ளி வந்துட்டு! அண்ணாச்சி தும்பியத் தூக்கிட்டு வாசப்பக்கம் வந்துட்டாவ. நீங்க தொறங்க. தண்ணி இங்க வர அரை மணி நேரம் ஆவும்லா."
இல்லை. நான் மட்டும்தான். நான் மட்டும்தான் மேடம்.

மதியம் 12:55
சிக்னலை அணைத்து அணைத்துப் போடுகிறேன். சந்தேகம் வரட்டும். வாக்கி-டாக்கியில் மதகுக்காரர் கேட்கிறார்.
"ஆளக் கண்ணால பாத்தியளா மேடம்?"
"புள்ளி ஒரே எடத்துல மின்னுது. ஒரு பீடிக்கு உக்காந்திருப்பாவ. ரெண்டு நாளா ஊரே தண்ணியில்லாமக் கெடக்கு. தொறங்க."

மதியம் 1:14
தரை அதிர்கிறது. சுரங்கம் குரலை நன்றாகக் கடத்தும். உள்ளேயிருந்து அண்ணாச்சி கத்துகிறார்.
"சொல்லிட்டியாடே?"
சொல்லவில்லை அண்ணாச்சி. என்னால் முடிய
"ஏ தும்பி, சொல்லிட்டியா