கேப்டன் இல்லை

2025 ஆகஸ்ட் 16

வாயைத் திறக்காமலேயே ஒருவர் பொய் சொல்ல முடியுமா? எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று சர்ச்சில் சுதந்திர தினக் கொடியேற்றம். வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ்: ‘வீரப் பதக்கங்கள் வென்ற கடற்படை கேப்டன் ஜெயசிங்’. என் கணவர் கேப்டன் அல்ல. அதிகாரியே அல்ல. கப்பல் எஞ்சின் அறையில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து, மாலுமிகளின் மேல்படியான மாஸ்டர் சீஃப் ஆக ஓய்வு பெற்றவர். அவர் நெஞ்சில் தொங்குபவை நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் கொடுத்த பதக்கங்கள். எந்தப் போரிலும் அவர் யாரையும் சுடவில்லை. அது ஒரு குறையா?

கேட்டேன். “விடுட்டி. எங்க அண்ணன் ஒரு ஆசைக்கு அடிச்சு வச்சிருக்கான்” என்றார். சர்ச்சில் அவருக்குப் போர்த்திய சால்வையை மடித்து பீரோவில் வைத்தார்.

ஆகஸ்ட் 30

கல்யாணத் தரகர் அந்த ஃப்ளெக்ஸைப் படமெடுத்துப் புதுக்கடை ஊரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நான்கு மாதமாக இழுத்தடித்த அபினேஷ் வீட்டார் எங்கள் ஜெனிலாவுக்கு இப்போது சம்மதம் சொல்லிவிட்டார்கள். என் மகளின் எம்.எஸ்சி.யில் இல்லாத ஏதோ ஒன்று அவள் அப்பாவின் பொய்ப் பதவியில் இருக்கிறது போலும்.

அவருடைய அண்ணன் ஜான்ரோஸிடம் சண்டை போட்டேன்.

“கேப்டன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவும்? காலேஜில பிள்ளையளத் திருத்துகது மாதிரி எங்களத் திருத்த வராத, ஜெபா.”

செப்டம்பர் 9

கோட்டாறில் பட்டு எடுத்தோம். கடைக்காரர் “கேப்டன் சார்” என்றார். இவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பழகிவிட்டது.

செப்டம்பர் 27

நாளை ஆராதனையில் கல்யாண ஓலை வாசிப்பு. வாசித்து முடித்ததும், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். ஜான்ரோஸ் எழுதிக் கொடுத்திருப்பதில் ‘வீரப் பதக்கங்கள் பெற்ற கேப்டன் ஜெயசிங்கின் மகள்’ என்றிருக்கிறது. நான் எழுந்து நிற்பேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

“பிள்ளைக்க கல்யாணத்த நீயே கெடுப்பியா?”

“அப்போ நீங்க அந்த எஞ்சின் ரூமுல கெடந்து வெந்தது யாருக்க வேலை?”

லீவில் வரும்போதெல்லாம் வியர்க்குரு பொரிந்த அந்த முதுகுக்குப் பவுடர் போட்டவள் நான். முழங்கையில் நீராவி சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அதெல்லாம் போதாதாம் — இல்லாத ஒரு சண்டை வேணுமாம். இந்த மனுஷனுக்க வேலைய ஒருத்தனும் மதிக்கல. இந்த மனுஷனும் சேத்துத்தான்.

செப்டம்பர் 28

வாசித்தார்கள். பெண்கள் பக்கத்தில் நான் எழுவதற்குள், ஆண்கள் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“கேப்டன் இல்ல, ஐயா. மாஸ்டர் சீஃப். மெடலு வீரத்துக்குத் தந்ததில்ல. ஒழுங்கா வேலை பாத்ததுக்குத் தந்தது. மாத்தி வாசியுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் மாற்றி வாசித்தார்.

மாலையில் அபினேஷின் அப்பா போன் செய்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஜெனிலா போனைத் தன் அப்பாவின் கையிலிருந்து வாங்கி, “யோசியுங்க மாமா. நானும் யோசிக்கணும்” என்றாள்.