என் பேரில் ஒரு வீட்டுக்கடன்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கூடை மீன் சீக்கிரம் விற்றுத் தீர்ந்தது. குளித்துவிட்டு வீட்டுக்காரரோடு வங்கிக்கு. மேனேஜர் தன்மையான ஆள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தார். வட்டி குறைவு, ஆனால் ஏறும் இறங்கும். அதில் எனக்குப் பயமில்லை, மீன் விலையும் அப்படித்தான். கிடைக்கிற தொகைக்கு உப்பளம் ஏரியாவில் பார்த்து வைத்த கட்டடத்தில் கீழ் வீடுதான் வரும். ஒரே ரூம். மேல் வீடு, ரெண்டு ரூம், பால்கனி: வராது.

மேனேஜர் என் வேலையைக் கேட்டார். மீன் விற்கிறேன் என்றேன். "அதுக்குப் பேப்பர் ஏதாவது இருக்காம்மா?" இல்லை. வேலை என்ற இடத்தில் 'வீட்டில் இருப்பவர்' என்று போட்டுவிட்டார்.

ஜூலை 9, புதன்

வாங்க வேண்டியது: கல் உப்பு, சோப்பு, அவருக்கு பிளேடு.

மதியம் தனியாக உப்பளம் போனேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மேல் வீட்டைத் திறந்தேன். சும்மா ஒரு தடவை பார்க்கத்தான். பெயின்ட் வாசனை. கடல் தெரியாது, காற்று வருகிறது. வெறும் தரையில் படுத்தேன். இங்கே கட்டில், அங்கே அலமாரி. அப்படியே தூங்கிப்போனேன். கனவிலும் அதே ரூம், அதே காற்று. கொடியில் என் புடவை மெதுவாக ஆடுகிறது. எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

வாட்ச்மேன் கதவைத் தட்டி எழுப்பினார். "செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேம்மா."

ஜூலை 11, வெள்ளி

பக்கத்துக் கூடை ராணி அக்கா சொன்ன பைனான்ஸ் கம்பெனிக்குப் போய் வந்தேன். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆள் அனுப்பி, கூடை பக்கத்திலேயே உட்கார வைத்து வியாபாரத்தை எழுதுவார்களாம். வட்டி கூடுதல், ஆனால் முதல் சில வருஷம் மாறாது. என் வருமானம் என்பதால் என் பேர்தான் முதலில். மேல் வீட்டுக்குப் போதும்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். வட்டி கம்மியா கெடைக்கிறத விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா என்றார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. எனக்குத்தான் ஆறவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டு உலை பாதி என் காசில் கொதித்தது. அது எந்தத் தாளிலும் இல்லை. கோபத்தில் சாப்பிடவில்லை. அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பைனான்ஸ் கம்பெனிப் பெண் வந்தாள். சின்ன வயசு. ஸ்டூல் போட்டு, பேனாவோடு என் பக்கத்தில். ராணி அக்கா முன்கூட்டியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் போல. எல்லோரும் என்னிடமே வந்து விழுகிறார்கள். அவள் மருமகள் பச்சைப் புடவையில் மூன்று தடவை வந்தாள். சுத்த சைவமான பூக்காரம்மா சங்கரா மீன் கேட்டாள். பையை எட்டத்தில் நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று. அருவாமனையை விட்டுத் தலை நிமிரவில்லை.

கூட்டம் குறைந்ததும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பச்சப் பொடவைய ஒரு வாட்டிதான் எழுதியிருக்கேன். பூக்காரம்மாவ எழுதவே இல்ல. மீதியே போதும்க்கா."

எதிர் டீக்கடையில் அவர் நிற்கிறார். லீவு போட்டதைச் சொல்லவே இல்லை. நான் வியாபாரம் பண்ணி அவர் இதுவரை பார்த்ததில்லை, அந்த நேரத்துக்கு எப்போதும் ஷிப்ட். டீ ஆறிப்போய்க் கையில் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

தூறல். வியாபாரம் மந்தம். பைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது, கடன் உண்டு. இன்னும் ரெண்டு நாளில் கையெழுத்து, எந்தக் கடன் என்று முடிவு பண்ண வேண்டும். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உம்பேர மொதல்ல போடு. எனக்கு ரெண்டாவது போதும்."

இதைக் கேட்கத்தான் முறைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்டதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபது வருஷம் கட்ட வேண்டும். அந்தப் பால்கனியில் காலை வெயில் விழும்போது நான் துறைமுகத்தில் ஐஸில் கையை விட்டுக்கொண்டிருப்பேன். கீழ் வீடு என்றால் அவர் சம்பளமே கட்டிவிடும். முட்டி வலித்தால் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிடலாம். மேல் வீட்டுக்கு அது முடியாது. யாரிடம் சொல்ல, கேட்டது நான்தானே.

ஜூலை 19, சனி

கையெழுத்துப் போட்டாயிற்று. மேல் வீடு.

திரும்பும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன்: "பயமா இருக்குங்க. கெழவி ஆவற வரைக்கும் கூடைய தூக்கணும்." ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமைல நான் போறேன் மீனுக்கு. நீ தூங்கு."

காரப்பொடி மீன் எது, நெத்திலி எது என்று தெரியாத மனுஷன். சிரித்தேன், கூடவே கண்ணில் தண்ணீர். வாசலில் என் மீன் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருக்கிறார், சத்தம் கேட்கிறது. நாளைக்கே ஞாயிறு. துறைமுகத்து மீன் ஏலத்தில் நன்றாக ஏமாந்து வருவார். வரட்டும். நான் எழுந்திருக்கப் போவதில்லை.