உறுமி வரும் படம்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

தாராவி இசக்கியம்மன் கோயில் மேளத்தில் இத்தனை வருடமாக உறுமி வாசிக்கிறேன். இன்றைக்குத்தான் ஒரு சினிமாக்காரர் என்னைத் தேடி வந்தார். மாட்டுங்காவில் இருக்கிறவர், பெயர் அனந்த், இந்திப் படங்களுக்கு இசை சேர்க்கிறவர். நான் சட்டை தைக்கிற கார்கானாவுக்கே வந்து, "சுயம்புங்கறது நீங்கதானா? உங்க உறுமி எனக்கு வேணும்" என்றார். மெஷினை அப்படியே நிறுத்திவிட்டேன். 

பிப்ரவரி 14

அந்தேரி ஸ்டூடியோ. கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். காதில் மாட்டிவிட்டதில் டிக் டிக் என்று ஒரு சத்தம், அதற்குத் தப்பாமல் வாசிக்க வேண்டுமாம். பாட்டு எது, தாளம் எது, ஒன்றும் சொல்லவில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கிறோமே, அதை மட்டும் கேட்டார்கள். தேய்த்தேன். மறுபடி, மறுபடி.

"நன்னா வந்துடுத்து அண்ணா. வெட்டி ஒட்டிக்கறேன்" என்றார் அனந்த்.

வெட்டி ஒட்டினால் அது என் வாசிப்புதானா?

பிப்ரவரி 15

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

ஜூன் 6

நாளைக்குப் படம். பேய்ப் படமாம். சயான் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க எங்கள் தெருக்காரர்கள். வீட்டில் விஜயராணி சொல்கிறாள்: "ஒங்க சத்தம் கேக்கலன்னா நான் யாரோ நீங்க யாரோ. ஒத்தையில நடந்து வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க."

சிரித்தேன். ஆனாலும் என் கையே எனக்கு அடையாளம் தெரியாமல் போனால்?

ஜூன் 7, வெள்ளி

வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இடைவேளை வரை மூன்று பாட்டு. உறுமி இல்லை. வரிசைக் கடைசியிலிருந்து ஒருவன், "எங்கல ஒன் உறுமி?" என்றான். போச்சு, மானம் போச்சு, இனி தெருவுல எப்படித் தல நிமிந்து நடக்கப்போறேன் – அப்படியே உட்கார்ந்திருந்தேன். விஜயராணி திரும்பியே பார்க்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி பாழடைந்த பங்களாக் கதவைத் திறக்கிறாள்.  இருட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல். அதுதான் பேய். நானா அது? பெரிதாக்கி, இழுத்து, என்னவோ செய்திருந்தார்கள். எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

பக்கத்தில் பார்வதியம்மாள். எங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் உறுமிச் சத்தத்துக்கு அம்மன் வந்து ஆடுகிறவர். அவர் கையிலிருந்த பாப்கார்ன் பறந்தது. எழுந்து, தலைமுடி அவிழ, ஆட ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் "பூத், பூத்" என்று பேயையே கண்டதுபோலக் கத்திக்கொண்டு ஓடினார்கள். விளக்கு எரிந்தது, படம் நின்றது. சீட் காட்டுகிற டார்ச்காரன் தூரத்தில் நின்றபடியே, "மாஜி, பைட்டியே" என்று உட்காரச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

விஜயராணி பர்ஸிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசி, "என்ன தாயே வேணும்?" என்றாள்.

"எவம்ல என்னக் கூப்ட்டது? கொடைக்கு இன்னும் நாள் கெடக்கே."

வரிசை மொத்தமும் என்னைக் கை காட்டியது. டார்ச்காரன்கூட என் முகத்தில்தான் வெளிச்சம் அடித்தான். எழுந்து கும்பிட்டேன். "நான்தான் தாயே" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சிரித்தும்விட்டேன்.

ஜூன் 8

படத்தை மறுபடி ஓட்டி முடித்தபோது வந்த பெயர்களில் என் பெயர் இல்லை என்று தெருவில் எல்லோருக்கும் கோபம். எனக்கு இல்லை. டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 17

அனந்த் போன் செய்தார். நடந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். அடுத்த படத்தில் ஒரு பாட்டு முழுக்க உறுமியாம். புதன்கிழமை வரச் சொன்னார்.

கார்கானா முதலாளியிடம் லீவு கேட்டேன். என்ன வேலை என்றார்.

வாசிக்கிற வேலை என்றேன்.