கீத்தின் மூன்று ஆட்டங்கள்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
10.2.1986

அன்புள்ள ஐயா,

நான் நல்ல சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி?

தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கும் கீத், டெனிஷ் பெண்ணைக் கட்டி இங்கே வந்த இங்கிலாந்துக்காரர். முன்பு அங்கே ஒரு கவுண்டி, அதாவது மாவட்டக் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியவர், மூன்றே ஆட்டங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“நான் விடேல்லை. கூப்பிடுவினம் எண்டு இருந்தன், கூப்பிடேல்லை” என்றார்.

இருபது வருடமாகியும் அன்று போட்டு விளையாடிய சப்பாத்தை, கூப்பிட்டால் போக என்று, துடைத்தே வைத்திருக்கிறார்.

கெதியில் ஊருக்குத் திரும்பலாம் என்று வந்த நாள் முதல் பிரிக்காதிருந்த என் பயணப் பெட்டியை அன்று மாலை பிரித்தேன். கிரிக்கெட் உடுப்பு அதில் இல்லை. கோடையில் கீத் எனக்குப் பந்து வீசுவாராம். வெள்ளைக் காற்சட்டையை அனுப்பிவையுங்கள்.

சித்திரைக்கு ஊருக்கு வருவேன் என்றதை அம்மாவிடம் நீங்களே மெதுவாக மாற்றிச் சொல்லுங்கள். என்னை வேலைக்குக் கூட்டிப்போக வந்த கீத்தின் கார் வாசலில் நிற்கிறது.

மகன்,
பத்மசீலன்